பினாங்குல எங்க தங்கறது: கடலோரப் பெரிய ஹோட்டலா, கடைத்தெரு பக்கத்து பழைய வீடா

2024 டிசம்பர்ல இண்டிகோ சென்னையில இருந்து மலேசியாவுல இருக்கற பினாங்குக்கு நேரடி ஃபிளைட் விட்டதுல இருந்து எங்க சொந்தத்துலயும் ஃபிரெண்ட்ஸ்லயும் ஆளாளுக்கு அங்க போக ஆரம்பிச்சிட்டாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் வரும், கேள்வியும் எப்பவும் ஒரே கேள்விதான். பினாங்கோட தலைநகர் ஜார்ஜ் டவுன்ல கடலைப் பாத்த மாதிரி இருக்கே ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல், எல்லாரும் சுருக்கமா ஈ அண்ட் ஓ-ன்னு சொல்ற அந்தப் பெரிய வெள்ளை ஹோட்டல், அதுல ரூம் போடலாமா, இல்ல ஊருக்குள்ள கீழ கடை மேல வீடுன்னு இருந்த பழைய கடைவீடுகளை சரி பண்ணி பத்து பதினஞ்சு ரூம் மட்டும் வெச்சு நடத்தறாங்களே அந்த மாதிரி பூட்டிக் ஹோட்டல் ஒண்ணு எடுக்கலாமா. நான் ரெண்டு விதத்துலயும் தங்கியிருக்கேன், ஒரு தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயமா இது எனக்குத் தோணல, அதனால இங்க நிதானமா எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. பழசு வேணும்னா ஈ அண்ட் ஓ, புதுசு வேணும்னா பூட்டிக், இப்படித்தான் நெறைய பேர் மனசுல வெச்சிருக்காங்க. ஜார்ஜ் டவுன்ல இது தலைகீழாவும் இருக்கும். ஈ அண்ட் ஓ-ல விக்டரி அனெக்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, அந்தப் பேரு 1920கள்ல அங்க இருந்த ஒரு கட்டடத்தோட பேரு, ஆனா இப்ப நீங்க போய்ப் படுக்கற கட்டடம் 2013ல தெறந்தது, பல மாடி, புத்தம் புதுசா கட்டினது. அதே ராத்திரி ஸ்டூவர்ட் லேன்ல இருக்கற செவன் டெரசஸ்ல ரூம் எடுத்தவர் தூங்கறது 19ஆம் நூற்றாண்டுல கட்டின ஏழு வீட்டு வரிசைக்குள்ள. அப்ப யாரு பழைய ஹோட்டல்ல தங்கினாங்க? ஹோட்டல்ங்கற தொழிலுக்கு வயசு வேற, கட்டடத்துக்கு வயசு வேற. இதைப் பிரிச்சுப் பாக்காம புக் பண்ணிட்டு, போய் எறங்கினதும் "போட்டோல பாத்த மாதிரி இல்லையே"ன்னு வருத்தப்படறவங்களை நான் பாத்திருக்கேன்.

ஈ அண்ட் ஓ எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அது நமக்கு எதைக் குடுக்குதுன்னு புரியும். 1869ல சூயஸ் கால்வாய் தெறந்ததும் ஐரோப்பாவுல இருந்து கிழக்க வர்ற நீராவிக் கப்பலோட பயண நாள் ரொம்பக் கொறஞ்சுது, பினாங்கு அந்த வழியில இருக்கற துறைமுகம், எதிர்க்கரையில பேராக் பக்கம் வெள்ளீயச் சுரங்கம், கொஞ்ச வருஷம் கழிச்சு ரப்பர், பணம் பொரண்ட ஊரு. பாரசீகத்துல இஸ்பஹான்ல இருந்து வந்த ஆர்மீனிய அண்ணன் தம்பிங்க நாலு பேரு, சார்கீஸ் குடும்பம், அவங்கள்ல மார்ட்டினும் டிக்ரானும் 1880கள்ல பினாங்குல ஈஸ்டர்ன்னு ஒண்ணு, ஓரியண்டல்னு ஒண்ணு, ரெண்டு ஹோட்டல் நடத்தினாங்க, அந்த ரெண்டு பேரையும் சேத்ததுதான் இன்னைக்கு இருக்கற பேரு. ஹோட்டல் தன்னோட பொறந்த வருஷமா சொல்றது 1885. இதே குடும்பம்தான் 1887ல சிங்கப்பூர்ல ராஃபிள்ஸ், 1901ல ரங்கூன்ல ஸ்ட்ராண்ட் ரெண்டையும் ஆரம்பிச்சாங்க. கப்பல் எங்கெங்க நிக்குதோ அங்க ஒரு ஹோட்டல், அவ்வளவுதான் அவங்க கணக்கு.

அந்தக் காலத்துல வந்து எறங்கினவங்க ஒரு ராத்திரி படுத்துட்டு காலையில கெளம்பற ஆளுங்க இல்ல. அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தங்கணும், பெட்டி பெட்டியா சாமான், கூடவே வேலையாளுங்க. எஸ்டேட் தொரைங்க மாசக் கணக்கா காட்டுக்குள்ள இருந்துட்டு டவுனுக்கு வந்தா நாலு மனுசங்களைப் பாக்கணும், டான்ஸ் ஆடணும், ஐஸ் போட்ட பானம் வேணும். அதுக்காகத்தான் அவ்வளவு உயரமான சீலிங், அவ்வளவு பெரிய ஹால், கடலோரமா நீளமான தோட்டம், ரூமுக்குள்ளயே உக்காந்து பேச தனியா ஒரு எடம். ஹோட்டலோட பழைய பகுதியை ஹெரிடேஜ் விங்னு சொல்றாங்க, அதுல இன்னைக்கும் எல்லாமே சூட் ரூமா இருக்கறதுக்கு வேர் அங்கதான் இருக்கு. ஏசி இல்லாத காலத்துல காத்து கடல்ல இருந்து உள்ள வந்து மேல ஏறிப் போகணும், அதுக்கேத்த மாதிரி அமைஞ்ச கட்டடம், வராந்தாவுல சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நின்னா இப்பவும் அது நல்லாவே தெரியும்.

ஆனா இந்த மாதிரி ஹோட்டலுக்கு ஒரு நெரந்தரமான கஷ்டம் உண்டு, அது ரூமுக்கு நடுவுல இருக்கற எடத்துக்கும் சேத்து செலவு பண்ணணும். கடைசித் தம்பி அர்ஷாக்தான் பினாங்கு ஹோட்டலைக் கடைசியா கவனிச்சவர், ஆள் நல்ல தாராளம்னு ஊரே பேசும், 1920கள்ல கட்டடத்தைப் பெருசு பண்ணிக்கிட்டே போனார். அப்புறம் ரப்பர் விலை விழுந்துச்சு, உலகம் முழுக்க மந்தம், 1931ல அவரும் இறந்துட்டார், அதே வருஷம் சார்கீஸ் பிரதர்ஸ் கம்பெனி திவாலாச்சு. போருக்குப் பிறகு கப்பலுக்குப் பதிலா விமானம், 1969ல பினாங்கோட ஃப்ரீ போர்ட், அதாவது சுங்க வரி இல்லாத துறைமுகம்ங்கற அந்தஸ்து போச்சு, 1970கள்ல பத்து ஃபெரிங்கிங்கற பீச்சுல ரிசார்ட்டுங்க வந்ததும் டூரிஸ்ட் கூட்டம் அங்க நகர்ந்துடுச்சு, டவுனுக்குள்ள இருந்த இந்தப் பெரிய ஹோட்டல் பழசாகி மங்கிப்போய் 1996ல மூடிட்டாங்க. 2001ல திரும்பத் தெறந்தப்ப உள்ள ஏறக்குறைய மறுபடி கட்டின மாதிரிதான். 2019ல ஹெரிடேஜ் விங்கை இன்னொரு சுத்து முழுசா புதுப்பிச்சு தெறந்தாங்க. அதனால அங்க நீங்க தொடற கதவு, படுக்கற கட்டில், குளிக்கற தொட்டி எல்லாம் 1885னு நெனச்சுக்கிட்டுப் போகாதீங்க. பழசா அங்க மிச்சம் இருக்கறது எடம். அந்தக் கடல், தோட்டத்துல நிக்கற அந்தப் பழைய ஜாவா மரம், கடலைப் பாத்து வெச்சிருக்கற பீரங்கிகள், உள்ள நுழைஞ்சதும் இருக்கற குவிமாடம், அதுக்கு நட்ட நடுவுல நின்னு பேசினா உங்க குரல் உங்களுக்கே திரும்பக் கேக்கும், சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போனா அங்கயே அரை மணி நேரம் போயிடும். விக்டரி அனெக்ஸ்ங்கற அந்தப் புது டவரை ஏன் கட்டினாங்கன்னு சில பேர் கோவப்படறாங்க, எனக்கு அந்தக் கோவம் இல்ல, நூறு சூட் மட்டும் வெச்சுக்கிட்டு அவ்வளவு நீளக் கடற்கரையையும் அவ்வளவு ஆளுங்களையும் காப்பாத்த முடியாது, புதுக் கட்டடத்துல வர்ற காசுதான் பழசை நிக்க வைக்குதுன்னு நான் நெனக்கிறேன்.

இப்ப பூட்டிக் பக்கம். இந்த வார்த்தை ஹோட்டலுக்கு ஒட்டினது 1980கள்லதான். 1981ல சான் பிரான்சிஸ்கோவுல பில் கிம்ப்டன் சின்ன ஹோட்டல் ஒண்ணு ஆரம்பிச்சார், 1984ல நியூயார்க்ல இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ருபெல்லும் மோர்கன்ஸ்னு ஒண்ணு தெறந்தாங்க. பெரிய ஹோட்டலுங்க எல்லாம் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் மாதிரி, எங்களோடது பூட்டிக் மாதிரின்னு ருபெல் சொன்னதுல இருந்துதான் பேரு பரவுச்சு. எல்லாருக்கும் எல்லாம் வெக்கற கடை ஒண்ணு, ஒருத்தரோட ரசனைக்குக் கொஞ்சமா தேர்ந்தெடுத்து வெக்கற கடை இன்னொண்ணு. அதாவது பூட்டிக்னா பழைய கட்டடம்னு அர்த்தமே கெடையாது, யாரோ ஒருத்தரோட ரசனை அந்த எடம் முழுக்க தெரியணும், அவ்வளவுதான். பினாங்குல அது பழைய வீட்டோட ஒட்டிக்கிட்டதுக்குக் காரணம் ரசனை மட்டும் இல்ல, ஒரு சட்டம்.

இந்தக் கதையை நான் கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா ஜார்ஜ் டவுன்ல நீங்க பாக்கற ஒவ்வொரு அழகான கடைவீட்டு ஹோட்டலுக்கும் பின்னால இது இருக்கு. மலேசியாவுல வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்னு 1966ல ஒண்ணு போட்டாங்க, 1948க்கு முன்னாடி கட்டின கட்டடங்களுக்கு வாடகையை ஏத்த முடியாது, குடியிருக்கறவங்களை நெனச்ச நேரத்துல காலி பண்ண முடியாது. ஜார்ஜ் டவுன் நடுவுல ஏறக்குறைய எல்லாமே 1948க்கு முன்னாடி கட்டினதுதான். அதனால என்ன ஆச்சு, வீட்டுக்காரருக்கு வாடகை ஒண்ணும் பெருசா வராது, ரிப்பேர் பண்ண மாட்டார், ஆனா இடிக்கவும் முடியாது. குடியிருந்தவங்களோ, கீழ சின்னதா ஒரு தொழில், பாய் முடையறது, பெயர்ப் பலகை செதுக்கறது, ஊதுபத்தி உருட்டறது, காப்பிக் கடை, மேல குடும்பம், அப்படியே ரெண்டு மூணு தலைமொற. கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் தெருத் தெருவா இடிச்சு டவர் கட்டினப்போ ஜார்ஜ் டவுன் அப்படியே நின்னதுக்கு இது ஒரு பெரிய காரணம். 2000 ஜனவரி 1ல இருந்து அந்தச் சட்டம் போயிடுச்சு. வாடகை பல மடங்கு ஏறுச்சு, குடியிருந்த குடும்பங்கள் ஆயிரக் கணக்குல வெளிய போனாங்க, வீடுங்க பூட்டியே கெடந்துச்சு, சில வீட்டுக்குள்ள பறவைக்கூடு சூப்புக்காக உழவாரன் குருவி வளத்தாங்க. அப்புறம் 2008 ஜூலையில மலாக்காவோட சேத்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. பூட்டியே கெடந்த வீடுகளைத் தேடி வெளியூர்ப் பணம், வெளிநாட்டுப் பணம் எல்லாம் வந்துச்சு, உயரம் 18 மீட்டருக்கு மேல கட்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு வேற, இடிச்சுக் கட்ட முடியாத வீட்டுல அதிகமா சம்பாதிக்க இருந்த வழிங்கள்ல முக்கியமானது ஹோட்டல்.

இதை நான் சொல்றது பூட்டிக் ஹோட்டலுக்குப் போகாதீங்கன்னு சொல்ல இல்ல. பாழாப்போக இருந்த வீடுங்க நெறைய இதனாலதான் பொழைச்சிருக்கு. லீத் ஸ்ட்ரீட்ல இருக்கற நீல மாளிகையை எடுத்துக்கோங்க, சியோங் ஃபட் ஸே-ங்கற பெரும் பணக்காரர் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில கட்டின வீடு, 38 ரூம், 5 முற்றம், 220 ஜன்னல், ஒரு கட்டத்துல ஏகப்பட்ட வாடகைக்காரங்க இருந்து சிதைஞ்சு கெடந்ததை 1989ல லாரன்ஸ் லோ-ங்கற ஆர்கிடெக்ட்டும் அவரோட கூட்டாளிகளும் வாங்கி வருஷக் கணக்கா உழைச்சு மீட்டாங்க, 2000ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுல உச்ச விருது கெடச்சது. சுவத்துல அவுரி நீலம் கலந்த சுண்ணாம்பு, கூரையில உடைச்ச பீங்கான் துண்டுகளை வெட்டி வெட்டி ஒட்டின பூவும் பறவையும், அதை நின்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். இன்னொரு பக்கம் மெக்காலிஸ்டர் ரோட்ல மெக்காலிஸ்டர் மேன்ஷன், வெளிய காலனி காலத்து பங்களா, உள்ள முழுக்க இன்னைக்கு டிசைன், மொத்தமே 8 ரூம். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் 2019ல வந்த பிரெஸ்டீஜ், அது பழைய வீடே இல்ல, புதுசா கட்டி விக்டோரியா காலத்து மேஜிக் ஷோ மாதிரி அலங்காரம் பண்ணினது, ரூம் 162. மூணையும் ஜனங்க பூட்டிக்னுதான் சொல்றாங்க. அதனால அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பி புக் பண்ணக் கூடாது.

கடைவீடுன்னா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்கு ஹோட்டல் எது நல்லது எது சுமார்னு போட்டோவுலயே பாதி தெரிஞ்சிடும். முன்பக்கம் குறுகல், உள்ள ரொம்ப ஆழம், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட பொதுச் சுவரு, அதனால பக்கவாட்டுல ஜன்னலே கெடையாது. வெளிச்சமும் காத்தும் நடுவுல இருக்கற வானம் பாத்த முற்றம் வழியாத்தான் வரணும். நம்ம செட்டிநாட்டு வீடு தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும், வாசல்ல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரே நேர்கோட்டுல பாக்கலாம், மழை நேரா உள்ள விழும். வாசலுக்கு முன்னால தெரு முழுக்க தொடர்ச்சியா ஒரு நடைபாதை, அங்க நம்ம ஆளுங்க அஞ்சடின்னு சொல்வாங்க. தரையும் படியும் மரம். சுவரு செங்கல், மேல சுண்ணாம்புக் காரை. இந்தக் காரைதான் முக்கியம். அந்த மண்ணுல ஈரம் கீழ இருந்து செங்கல் வழியா ஏறிக்கிட்டே இருக்கும், சுண்ணாம்பா இருந்தா அந்த ஈரம் சுவாசிச்சு வெளிய போயிடும், அவசரத்துக்கு சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா ஈரம் உள்ளயே அடைஞ்சு உப்பு பூத்து, முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் செதில் செதிலா உரியும், ரூம்ல ஒரு பூஞ்சை வாடை. ரூம் போட்டோல சுவரோட கீழ்ப்பாகத்தைப் பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்குக் காரணம் இதுதான். அங்க சுவரு நல்லா இருந்தா அந்த வீட்டை மதிச்சு சரி பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம்.

எனக்கு பினாங்கு வெறும் டூரிஸ்ட் ஊரு இல்ல, அதையும் சொல்லிடறேன். அம்மாவோட தாத்தா காரைக்குடி பக்கத்து ஊர்ல இருந்து போய் பினாங் ஸ்ட்ரீட்ல ஒரு கிட்டங்கியில கணக்குப்பிள்ளையா இருந்தவர். கிட்டங்கின்னா ஒரே கடைவீட்டு ஹால்ல வரிசையா தரையில மேசைப்பெட்டி போட்டுக்கிட்டு ஒவ்வொரு செட்டியார் கம்பெனியும் தனித்தனியா வட்டித் தொழில் நடத்துவாங்க, ராத்திரி அதே எடத்துல பாயை விரிச்சுத் தூங்குவாங்க. அவர் போனது ரஜூலா கப்பல்ல. 1926ல கட்டின கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1970கள் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு, நம்ம பக்கத்து குடும்பங்கள்ல அந்தப் பேரு கேக்காத வீடு கொறைச்சல். வங்காள விரிகுடாவுல இருந்து வர்ற கப்பல் பினாங்குக்கு வடக்கு வாய் வழியாத்தான் நுழையும், அந்த வாயைப் பாத்தபடிதான் ஈ அண்ட் ஓ நிக்குது. டெக்ல நின்னவங்க கண்ணுல கரையில மொதல்ல பட்ட பெரிய கட்டடங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆனா டெக் பாசஞ்சருங்களுக்கு அடுத்த எடம் அது இல்ல, ஜெரெஜாக் தீவுல குவாரண்டைன், அது முடிஞ்சா சூலியா ஸ்ட்ரீட், கடைத்தெரு, இல்லாட்டி நேரா எஸ்டேட்.

அதனால எனக்கு இந்தத் தேர்வுல ஒரு பாரம் உண்டு. சூலியா ஸ்ட்ரீட்டுங்கற பேரே சோழமண்டலக் கரையில இருந்து போன நம்ம முஸ்லிம் வியாபாரிகளோட பேரு. 1801ல அமைஞ்ச கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் ஸ்ட்ரீட்ல 1833 மகாமாரியம்மன் கோயில், நாகூர் ஆண்டவர் பேர்ல ஒரு தர்கா, எல்லாம் பத்து நிமிஷ நடைக்குள்ள. மார்க்கெட் ஸ்ட்ரீட்டை அங்க இருக்கற தமிழங்க இன்னும் கடைத்தெருன்னுதான் சொல்றாங்க. அங்க பினாங் ஸ்ட்ரீட்லயே ஒரு காலத்துல சீன மருந்துக் கடையா இருந்த கட்டடம் ரென் ஐ டாங்-ங்கற பேர்ல ஹோட்டலா இருக்கு, அந்த மாதிரி எடத்துல ஜன்னலைத் தெறந்தா கீழ மல்லிப்பூ கட்டறாங்க, பாத்திரக் கடையில பாட்டு ஓடுது, "பசியாறிட்டீங்களா"ன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கறாங்க. ஈ அண்ட் ஓ வரலாறு பெருசுதான், ஆனா அதுல எங்க தாத்தா கப்பல் மேல இருந்து பாத்த ஆளு. சூலியா ஸ்ட்ரீட் வரலாறுல அவர் உள்ள இருக்கார்.

இப்படி எல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுதான் அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ ஊருக்குள்ள ஒரு கடைவீட்டு ஹோட்டல்ல ரூம் எடுத்தேன். தப்பு பண்ணிட்டேன். எடம் சரி, வீடு அழகு, ஆனா ரூம் மாடியில, படி செங்குத்தா ஏணி மாதிரி, லிஃப்ட் கெடையாது, அம்மாவுக்கு மூட்டு வலி. புக் பண்ணும்போது நான் கேக்கல, அவங்களும் சொல்லல. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எறங்கறதுன்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க, மத்தியானம் வந்து படுக்கணும்னாலும் வெளியவே எங்கயாவது உக்காந்துக்கிட்டாங்க. ராத்திரி மேல நடக்கற காலடிச் சத்தம் ஒவ்வொண்ணும் மரத்தரை வழியா கேக்கும். ஜன்னல் தெருவைப் பாத்தது இல்ல, முற்றத்தைப் பாத்தது, கீழ காலை டிஃபன் சாப்பிடறவங்க பேசறது ஆறரை மணிக்கே தலைமாட்டுல பேசற மாதிரி. மூணாவது நாள் ஈ அண்ட் ஓ-வுக்கு மாறினோம். அந்தச் சாயங்காலம் கடல் சுவரு பக்கம் நாற்காலியில உக்காந்துக்கிட்டு வடக்க பாத்து, "இப்படித்தானே வந்திருப்பாரு"ன்னு அம்மா கேட்டாங்க. ஊருக்குள்ள ரெண்டு நாள் இருந்தப்ப வராத பேச்சு, அங்க தாத்தாவைப் பத்தி மணிக்கணக்கா பேசினாங்க. கால் வலி இல்லாத எடத்துலதான் மனசு மத்ததை நெனைக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது, அதுவரைக்கும் அவங்களுக்காகன்னு நெனச்சு எனக்காகத்தான் ரூம் தேடியிருக்கேன்.

பணக் கணக்கையும் பாத்துடலாம், இதுலயும் ஒரு தப்புக் கணக்கு இருக்கு. பெரிய ஹோட்டல்னா செலவு ஜாஸ்தி, சின்ன ஹோட்டல்னா கம்மின்னு நெனப்போம். ரெண்டு பேரு போனா பல நேரம் அது உண்மைதான். ஆனா அப்பா அம்மா, ரெண்டு பசங்கன்னு நாலு பேரா போறப்ப கடைவீட்டு ரூம்ல எக்ஸ்ட்ரா பெட் போட எடமே இருக்காது, ரெண்டு ரூம் எடுக்கணும், சில எடத்துல சின்னப் பசங்களை சேத்துக்கவே மாட்டாங்க. சூட்டுக்குள்ள தனியா ஹால் இருக்கறதால ஒரே ரூம்ல குடும்பமே தங்கிடலாம், தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துப் பாத்தா வித்தியாசம் கொறையும், சீசன் இல்லாத நேரத்துல சில சமயம் பெரிய ஹோட்டலே லாபம். சின்ன ஹோட்டல்ல ரூம் வாடகை ஏன் ஏறுதுன்னா பத்து ரூமா இருந்தாலும் ராத்திரி ரிசப்ஷனுக்கு ஒரு ஆள் வேணும், சமையலுக்கு ஆள் வேணும், மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் வருஷா வருஷம் வேலை வெக்கணும், அந்தச் செலவைப் பிரிச்சுக்க வேற ரூம் கெடையாது. எந்த ஹோட்டலா இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் டூரிசம் டாக்ஸ் உண்டு, 2017ல இருந்து வாங்கறாங்க, புக்கிங்ல காட்டற தொகையில சில நேரம் அது சேந்திருக்காது.

சாப்பாட்டுல எனக்கு சந்தேகமே இல்ல, எங்க தங்கினாலும் காலையில ஒரு வேளையாவது ஊருக்குள்ளதான். கேம்பல் ஸ்ட்ரீட்ல 1907ல இருந்து இருக்கற ஹமீதியாவுல சோத்து மேல பல கறிக்கொழம்பு ஊத்தித் தர்ற நாசி கண்டார், கடைத்தெருவுல தோசை, அஞ்சடியில ஸ்டூல் போட்டுக் காப்பி. அதனால ஈ அண்ட் ஓ-ல தங்கினா பிரேக்ஃபாஸ்ட் இல்லாத ரேட் இருக்கான்னு கேளுங்க, நடந்து போனா பதினஞ்சு இருபது நிமிஷத்துல ஊருக்குள்ள இருப்பீங்க, வெயில் ஏறறதுக்கு முன்னாடி போயிடணும் அவ்வளவுதான்.

அப்புறம் தங்கினாதான் பாக்க முடியும்னு இல்லாத எடத்துக்கு தங்கற காசு குடுக்க வேண்டியதில்ல. நீல மாளிகையை டிக்கெட் வாங்கிட்டு சுத்திப் பாக்கலாம், ஈ அண்ட் ஓ-ல சாயங்கால டீக்கு வெளியாளுங்களும் போகலாம். தங்கினாதான் கெடைக்கறது என்னன்னு யோசிச்சா, ஈ அண்ட் ஓ-ல விடியக்காலை கடல், அதுக்கு ஹெரிடேஜ் விங்ல கடல் பாத்த ரூமா இருக்கணும். கடைவீட்டுல விடியக்காலை தெரு, கடை ஷட்டர் தெறக்கற சத்தம், பாங்கு, கோயில் மணி, பெருக்கித் தண்ணி தெளிக்கற சத்தம், அதுக்கு தெரு பாத்த ஜன்னல் இருக்கணும். முற்றம் பாத்த ரூம் எடுத்தா அமைதி கெடைக்கும், தெரு கெடைக்காது. லவ் லேன், சூலியா ஸ்ட்ரீட்டோட அந்தக் கோடியில மதுக்கடைங்க ஜாஸ்தி, நடுராத்திரி வரைக்கும் பாட்டு, கொழந்தை இருக்கறவங்க அந்தப் பக்கமே வேணாம்.

எனக்கு மனசு கேக்காத ஒரு விஷயம் இன்னும் இருக்கு. ஒரு தெருவுல எல்லா வீடும் ஹோட்டலாவும் கஃபேயாவும் ஆயிட்டா ஜன்னலைத் தெறந்தா தெரியறது நம்மள மாதிரி இன்னொரு டூரிஸ்ட்தான். அதனால நான் ரூம் தேடறப்ப மேப்புல பக்கத்து வீடுகளைப் பாப்பேன். பக்கத்துல மளிகைக் கடை, தையல் கடை, சங்கம், கோயில் ஏதாவது இருந்தா அந்தத் தெருவுல இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, அங்க தங்கி அவங்க கடையில காப்பி குடிச்சு அவங்ககிட்ட சட்டை தெச்சா அந்தக் காசு அந்தத் தெருவுலயே நிக்கும். ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க உள்ளூர்க்காரங்களா, அந்த வீட்டுல முன்னாடி யாரு இருந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா, இதையும் கேப்பேன். சில எடத்துல கண்ணு விரிஞ்சு கதை சொல்வாங்க. பழைய வாடகைக்காரரோட போட்டோ, கடையோட பழைய பலகை எல்லாம் எடுத்து வெச்சிருக்கற எடம் இருக்கு, அந்த மாதிரி எடத்துக்கு கொஞ்சம் காசு கூடன்னாலும் குடுக்கலாம்.

போன்ல கேக்கறவங்களுக்கு இப்ப நான் சொல்றது இதுதான். நாலு ராத்திரின்னா மொத மூணு ஊருக்குள்ள, கடைசி ஒண்ணு கடலோரம். தலைகீழா வேணாம், ஏன்னா பெரிய ரூம்ல இருந்து சின்ன ரூமுக்கு வந்தா சின்னது இன்னும் சின்னதாத் தெரியும், அதோட ஊரை நடந்து பாத்துக் களைச்ச பிறகுதான் அந்தத் தோட்டத்துல சும்மா உக்காந்திருக்கறதுக்கு ஆசையே வரும். வயசானவங்க கூட வந்தா ஊருக்குள்ளயும் லிஃப்ட் இருக்கற எடமா, இல்ல கீழ்த்தள ரூமா, எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஈ அண்ட் ஓ-ல ஹெரிடேஜ் விங்கா அனெக்ஸான்னு புக்கிங்ல தெளிவா போட்டிருக்கான்னு பாருங்க. மழைக்கு செப்டம்பர், அக்டோபர்தான் அங்க மோசம். அடுத்த தடவை நானும் அம்மாவும் போறப்ப பினாங் ஸ்ட்ரீட் பக்கமே கீழ்த்தள ரூம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், தாத்தா இருந்த கிட்டங்கி எந்த நம்பர்னு பழைய கடுதாசியில அம்மா தேடிக்கிட்டு இருக்காங்க.